சொட்டாமல் குறைந்த தண்ணீர்

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினவன் நான். மற்ற திரவங்களைவிடத் தண்ணீர் அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், அதனால்தான் வண்டி எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். பரீட்சையில் அது இரண்டு மார்க் கேள்வி. எழுதாத பிள்ளைகளின் காதைத் திருகியும் இருக்கிறேன். அந்தப் பாவம்தான் ஓய்வுபெற்ற பிறகு என் வீட்டு வாசலில் கார் ரூபத்தில் வந்து நின்றது.

காரை என் மனைவியின் அண்ணனிடமிருந்து வாங்கினேன். கீரிப்பாறைக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர், பத்துப் பன்னிரண்டு பலாமரம். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மாப்பிள்ளை என்பார். பத்து வருடம் அந்தக் காரை வைத்திருந்தார். தான் குளிக்கும் சோப்பைவிட நல்ல சோப்பு போட்டு அதைக் கழுவுவார். சாவியைக் கையில் தரும்போது கோவிலில் பிரசாதம் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தார்.

"மாப்பிள, காத்து மாசத்துக்கு ரெண்டு தடவ பாருங்கோ. ஆயிலு நேரத்துக்கு மாத்திடுங்கோ. பின்னே, ரேடியேட்டருக்கு அந்தப் பச்சக் கூலண்டு தவிர வேற ஒண்ணும் ஊத்தாதேயுங்கோ."

நான் சிரித்தேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் எனக்கு வெப்ப இயற்பியல் சொல்லித்தருகிறாரே என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் தந்திரம் எனக்குத் தெரியாதா? முதல் மாதமே அதைத் திறந்து சாக்கடையில் விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். எதிர் வீட்டுக்காரர் எஸ்டேட் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றவர், "நாங்க ஓடையில கோரி ஊத்தி மல ஏத்தினவங்களாக்கும், பஸ்ஸு கெடந்து ஓடும்" என்று சான்றிதழ் தந்தார். மனைவி மட்டும், "அண்ணன் சொன்னதக் கேக்கலாம்லா" என்றாள். "உங்க அண்ணன் இயற்பியல்ல எத்தன மார்க்கு?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நானும் அதை அன்றோடு மறந்துபோனேன்.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில், தோவாளையில் பூ ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் நிற்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தித் திறந்தால், பக்கத்தில் இருக்கும் சிறிய டேங்கில் ஒரு சொட்டு இல்லை. பூக்கடையில் பூ நனைக்க வைத்திருந்த வாளியிலிருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். எட்டாம் நாள் மறுபடியும் டேங்க் காலி.

நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டேங்குக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருந்த தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சைக் கூலண்ட் ஊற்றினார், ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போட்டார். "இனி குறையாது சார்" என்றார். பத்து நாளில் அதுவும் குறைந்தது.

இந்த இடத்தில் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. குறைகிறது என்றால் எங்காவது போக வேண்டும். பொருண்மை அழியாது என்பதும் நான் நடத்தின பாடம்தான். டேங்கின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஓடின தூரம், கோட்டுக்குக் கீழே எத்தனை விரல்கடை இறங்கியது என்று எழுத ஆரம்பித்தேன். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் பழைய பத்திரிகைகளை விரிப்பேன். காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் போய் அவற்றை இழுத்துப் பார்ப்பேன். ஈரம் இருக்காது. போன மாதத்துச் செய்தி மட்டும் இருக்கும், குனிந்ததுதான் குனிந்தோம் என்று அதையும் வாசித்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் காலையில் பத்திரிகையின் ஓரத்தில் பெரிய ஈரம். "கண்டுபிடிச்சாச்சு" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"இஞ்ச பாருங்க, இது நாய் பெஞ்சதாக்கும். வண்டிய விட்டுட்டு அந்தக் கேட்ட மொதல்ல சாத்துங்க."

எதிர் வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சில வண்டி தண்ணி குடிக்கும் சாரே. குணம் அப்பிடி" என்றார். இப்படிப் பேசுகிறவர்களோடு சேர்ந்து எப்படி ஆராய்ச்சி செய்வது?

அந்த நாட்களில் அத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். வெறுங்கையோடு வரமாட்டார். பலாப்பழத்தை எங்கள் பக்கம் சக்கை என்போம். அதில் வருக்கைச் சக்கை என்று ஒரு ஜாதி, சுளை திண்டு திண்டாக இருக்கும், வாசனை தெருமுனைக்குக் கேட்கும். பழுக்கிற பருவம் முழுக்க எங்களுக்கு ஒன்று, என் மனைவியின் சித்தி வீட்டுக்கு ஒன்று என்று கொண்டுவந்து இறக்குவார். சித்தி வீட்டுப் பழத்தை நான் காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆகவே ஒரு நாள் காருக்குள் இனிப்பாக ஒரு மணம் வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

மணம் வந்தது, போகவில்லை. ஒரு சுளை எங்கோ உருண்டு கிடக்கிறது என்று மனைவி முடிவு செய்தாள். முன்சீட்டைக் கழற்றினோம். ஒரு சீப்பு, மூன்று பேனா மூடி, கல்லாகிப்போன ஒரு ரசவடை, நான் ஒரு வருடமாகத் தேடிய மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடைத்தன. சுளை கிடைக்கவில்லை. இடதுபக்கம் கால்வைக்கும் இடத்தில் விரிப்பு கொஞ்சம் ஈரமாக இருந்தது. அது இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்கு மழைக்காலம், அந்த மழையில் நனையாத பொருள் எங்கள் ஜில்லாவில் எது? முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல மங்கலாகிக்கொண்டே வந்தது. துடைத்தால் இழுபட்டது. "தலையில அந்த எண்ணையக் கொஞ்சம் கொறச்சுத் தேச்சா என்ன" என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு, நான் நிறையத் தேய்ப்பவன். குறைத்தேன். கண்ணாடி தெளியவில்லை.

இனிப்பு மணம், ஈர விரிப்பு, பிசுபிசுத்த கண்ணாடி. மூன்றும் என் கண்முன்னே கிடந்தன. என் நோட்டில் அவற்றுக்குப் பத்தி போடவில்லை. நோட்டு எஞ்சினைப் பற்றியதாயிற்றே.

நாகர்கோவில் மெக்கானிக்கிடம் மூன்றாம் தடவை போனபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே எரிகிறது. எஞ்சினின் இரண்டு பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும். "பழைய ஓனர் நல்லா சூடாக்கி ஓட்டியிருக்காரு சார், சொல்லாம தள்ளிட்டாரு" என்றார்.

ஹெட் கேஸ்கட் போனால் ஆயில் பாலாடைபோல ஆகும், புகைக்குழாயில் வெள்ளையாகப் புகை வரும். என் வண்டியில் இரண்டும் இல்லை. நிதானமாக யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் இயற்பியல் போய்விடும். வீட்டுக்கு வந்ததும், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அத்தான், வண்டியத் தரும்போ எஞ்சினு போனதுண்ணு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொந்தத் தங்கச்சி வீடுல்லா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லியே மாப்பிள" என்றார்.

"தெரிஞ்சாலும் சொல்லவா போறியோ?" என்றேன்.

"சரி மாப்பிள" என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் விஷயம் ஆறுகிற விஷயமாக இல்லை. ஆவணி மாதம் அத்தானின் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. அழைப்பிதழை முதலில் சாமிக்கு வைப்பார்கள், அடுத்தது கூடப்பிறந்தவள் வீடு. வெற்றிலை பாக்கோடு நேரில் போய், அவளையும் அவள் புருஷனையும் அழைத்த பிறகுதான் மூன்றாவது வீட்டுக்கு நடக்க வேண்டும். அவருக்கு ஒரே தங்கச்சி, என் மனைவி. ஆடி பிறந்தது. எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. எங்களுக்கு வராததால் ஊரில் ஒருவருக்கும் போகவில்லை. சித்தி போனில் கேட்டாள், "கார்டு அடிச்சு வந்து கெட்டுக் கெட்டா இருக்காம், ஏன் யாருக்கும் தராம வச்சிருக்கான்?" மனைவி "தெரியல சித்தி" என்று வைத்துவிட்டு, சமையல்கட்டில் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். ஞாயிறு காலைகளில் கேட்டில் சத்தம் கேட்டால் அவள் தலை திரும்பும். பால்காரர், இல்லையென்றால் அந்த நாய். என் ரேடியேட்டர் ஒரு கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்பது எனக்குப் புரியத்தான் செய்தது. தப்பு என்னுடையதல்ல என்ற எண்ணம் இருந்ததால் நன்றாகத் தூங்கினேன்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் வேறொருவரிடமும் காட்டிவிடலாம் என்று தக்கலைக்குக் கொண்டுபோனேன். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். வளைகுடாவில் பதினெட்டு வருடம் வண்டி பார்த்துவிட்டு வந்தவர் நடத்துகிறார். நான் நோட்டை நீட்டினேன். ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாரு கையெழுத்து நல்லா இருக்கு" என்று திருப்பித் தந்தார்.

ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். அதில் ஒரு முள். ஏறி நின்ற முள் மெதுவாக இறங்கியது. அடியில் படுத்துப் பார்த்தார், ஒழுக்கு இல்லை. எழுந்து வந்து டிரைவர் சீட்டுப் பக்கக் கதவைத் திறந்தவர், மூக்கை உறிஞ்சினார்.

"சாரே, உள்ள என்ன மணம்?"

"சக்கை மணம். எனக்க மச்சான் கொண்டுவந்தது."

"எப்ப கொண்டுவந்தது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசம் மணக்க சக்கை எங்கயாக்கும் வெளையுது? எனக்கும் நட்டு வைக்க ஒரு தை வேணும்."

பிறகு இடதுபக்கம் தலைகீழாகப் புகுந்து, கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்க, விரிப்பைப் பிடித்து இழுத்தார். அடியிலிருந்த பஞ்சைப் பிழிந்தார். விரல் இடுக்கில் பச்சையாக வழிந்தது. என் வீட்டுப் பழைய பத்திரிகையெல்லாம் தேடின திரவம், வண்டிக்குள்ளேயே, என் மனைவியின் காலடியில் இருந்தது.

"ஹீட்டராக்கும் சாரே. இதுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டரு உண்டு. அதுதான் ஓட்ட. கண்ணாடியில பிசுபிசுண்ணு புடிச்சிருக்குமே?"

"இந்த வண்டியில ஹீட்டர் உண்டா?" என்று கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சிவப்பும் நீலமும் போட்ட திருகு ஒன்று முன்னால் இருக்கிறது. சிவப்புப் பக்கம் திருகினால் ஏசி கொஞ்சம் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் வருடம் பூராவும் வியர்க்கும், மார்கழியில் கொஞ்சம் குறைத்து வியர்க்கும். இங்கே ஹீட்டர் போட்டவன் என்று ஒருவன் இருந்தால் அவனை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அவரே சொன்னார், பதினெட்டு வருடம் பாலைவனத்தில் கிடந்தும் ஒருத்தன் ஹீட்டர் கேட்டு வந்ததில்லையாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். எஞ்சின் பிழைத்தது. "பழைய ஆளு கவனிக்காம விட்டிருப்பாரு, என்ன?" என்று கேட்டேன்.

அவர் ஹீட்டருக்குப் போகும் குழாய் ஒன்றைக் கழற்றி, அதன் வாயில் விரலை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். விரல் முழுக்கத் துரு நிறத்தில் சேறு, நடுநடுவே வெள்ளையாகப் பொருக்கு.

"சாரு இதுல எந்த வெள்ளமாக்கும் ஊத்தினது?"

அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். "கிணத்து வெள்ளம்" என்றேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடத்தின் உள்ளே சுண்ணாம்பு பிடிக்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அதாக்கும். உப்பு வெள்ளம் அரிச்சுப்போட்டு. பத்து வருசம் ஓட்டின ஆளு கூலண்டு மட்டுந்தான் ஊத்தியிருக்காரு. இல்லைண்ணா இது எப்பவே போயிருக்கும். மனுசன் நல்லா பாத்திருக்காரு சாரே."

முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு கூச்சம் எனக்கு வந்ததில்லை. தண்ணீர் வெப்பத்தை நன்றாக வாங்கும் என்பது சரிதான். அதில் உப்பு இருந்தால் இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும் என்பதும் சரி, அது ரசாயனப் பாடம். அதை நடத்தினவர் பக்கத்து வகுப்பில் இருந்தார்.

ஹீட்டருக்கு உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து, அதை வழியிலிருந்தே விலக்கிவிட்டார். "நமக்கு இது எதுக்கு சாரே" என்றார். ரேடியேட்டரை அலசிப் புதிய கூலண்ட் ஊற்றினார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், கோடு இறங்காவிட்டால் நோய் இதுதான் என்றார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். முடிவு உறுதியாகாமல் வெளியே சொல்வது அறிவியல் ஆகாது என்று சமாதானம் வைத்திருந்தேன். தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சமாவது குறையக் கூடாதா என்று மனம் ஆசைப்பட்டது. ஒரு விரல்கடை குறைந்தால் போதும், பழியில் பாதியாவது அத்தான் பக்கம் நிற்கும். ஏழாம் நாளும் கூலண்ட் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. வண்டிக்குள் மணம் இல்லை, கண்ணாடி தெளிவு. எனக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

"கெளம்பு, உங்க அண்ணன் வீட்டுக்குப் போவோம்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள்.

அத்தான் முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், "வாங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்தார். உட்கார்ந்தோம். கூடத்து மேசையில் அழைப்பிதழ் கட்டுகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஹீட்டர், கிணற்றுத் தண்ணீர், துருச் சேறு, மெக்கானிக் அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொன்னத நான் கேக்கல அத்தான். கெடுத்தது நான். உங்கள அப்பிடிப் பேசினது பெரிய தப்பு" என்றேன்.

அவர் கோபித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பம் எனக்க கையில இருக்கும்போ ஒண்ணும் ஆகல்ல, இல்லியா மாப்பிள?"

"இல்ல அத்தான்."

"ஒருக்கா திருச்செந்தூர் போயிட்டு வரும்போ முள்ளு கொஞ்சம் ஏறிச்சு. ரெண்டு நிமிசம் நிறுத்திட்டு ஓட்டிட்டேன். நீங்க போன் பண்ணினதுக்குப் பெறவு அதையே நெனச்சிட்டுக் கெடந்தேன். அப்பவே எஞ்சினு போயிருக்கும், நாந்தான் தெரியாம தங்கச்சி தலையில கெட்டிட்டேன்ணு. பின்னே எந்த மொகத்த வச்சிட்டு வந்து கல்யாணம் சொல்ல?"

இரண்டு மாதமாக இந்த மனிதர் கோபத்தில் இருக்கிறார், இல்லை குற்றத்தை மறைக்கிறார் என்று மாறி மாறி நினைத்தேனே தவிர, செய்யாத தப்பைத் தேடித் தன்னைத்தானே குடைந்துகொண்டிருப்பார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. அழைப்பிதழை இங்கேயே தாருங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அது மொறையில்ல. நாளைக்குக் காலம்பற வீட்டுக்கு வாறேன்" என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். என் மனைவி குடித்தாள், அண்ணனிடம் பெண்ணுக்கு எடுத்த புடவையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டாள். அவர் முகம் பார்த்து அவள் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். கோபம் என்மேல்தானே, அவரிடம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது ரப்பர் தோட்டங்களைத் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். "எம்மேல கோவம்ணா திட்டிரு. ரெண்டு மாசமா மனசுக்குள்ள வச்சிருக்கியே" என்றேன்.

"உங்க மேல எனக்கு என்ன கோவம்? நீங்க படிச்சவரு, தப்பா சொல்ல மாட்டீங்க, அண்ணன்தான் ஏமாத்திட்டாண்ணு நானும் நம்பிட்டேன்" என்றாள். "அண்ணனுக்கு இது தெரியாது. அவன் நாளைக்கு வந்து எனக்க கையில மொத கார்டு தருவான்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.